கூண்டு கட்டியவர்கள்: மூல வண்டியும் மாற்றுச் சக்கரமும்

1

திருச்சி–மதுரைச் சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். முன்னால் எஞ்சின், பின்னால் இரண்டு நீளச் சட்டம், அடியில் சக்கரங்கள். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. தற்காலிகமாக மாட்டிய ஓர் இருக்கையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் முகத்தில் வாங்கியபடி ஒருத்தர் ஓட்டிப் போகிறார். கம்பெனிக் கணக்கில் அது விற்று முடிந்த பொருள். நம் கணக்கில் அது வெறும் எலும்புக்கூடு. கரூருக்குப் போய்ச் சேர்ந்தால் பஸ் ஆகும். நாமக்கல்லுக்குப் போனால் லாரியோ டேங்கரோ ஆகும். திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக் ஆகும். அதற்கு 'பாடி கட்டுறது' என்று பேர். பத்திரிகைத் தமிழில் கூண்டு கட்டும் தொழில்.

இதில் எது மூலம், எது மாற்று? கேள்வி விளையாட்டுக்காகக் கேட்கப்படவில்லை. இன்றைக்கு ஒரு வண்டியில் கம்பெனி சொல்லாத சக்கரத்தை, கம்பெனி சொல்லாத உடம்பைப் பொருத்துவது குற்றம். நம்மூர் மோட்டார் வரலாற்றை எழுதியவர்கள் டி.வி.எஸ்ஸை எழுதினார்கள், ஜி.டி.நாயுடுவை எழுதினார்கள், 1840இல் சென்னையில் தொடங்கிக் குதிரை வண்டி கட்டிய சிம்ப்சனை எழுதினார்கள். முதலாளிகளின் வரலாறு அது. மரத்தையும் தகரத்தையும் வெட்டி ஒட்டி வண்டியை வண்டியாக்கிய ஆசாரிகளுக்கு அதில் பெயர் இல்லை. பெயர் இல்லாத உழைப்பைக் குற்றமாக்குவது சுலபம்.

2

பொன்னமராவதி ரயில் தொடாத ஊர். 1929–30இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குத் தண்டவாளம் போனபோதும் இந்த ஊர் ஒதுங்கித்தான் நின்றது. அப்போது இது புதுக்கோட்டை சமஸ்தானம்; இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். இப்படிப்பட்ட ஊரில் எது வந்தாலும் போனாலும் சாலைதான். சாலை என்றால் முதலில் மாட்டு வண்டி.

சக்கரம் செய்வது சின்ன விஷயம் இல்லை. நடுவில் குடம், அதில் குத்தி நிற்கும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள். இதுவரைக்கும் தச்சாசாரி வேலை. பிறகு கொல்லாசாரி வருவார். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்ன வளையமாக அடித்து, நெருப்பில் பழுக்கப் போட்டு விரிய வைத்து, வட்டைமேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. வெப்பம் பற்றிய அறிவுதான் பிடிப்பு. இதை யாரும் பொறியியல் என்று சொல்லவில்லை, குலத்தொழில் என்றார்கள். அறிவைச் சாதியாகப் பெயர்த்தெழுதுவது நம் சமூகத்தின் பழைய வேலை. பெயர்த்தபின் அறிவுக்கு மதிப்பு போய்விடும், சாதி மட்டும் மிஞ்சும்.

உப்பு வணிகரான உமணர் வண்டிக்கடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். அதாவது வண்டி என்பது உடையும், பாதி வழியில் மாற்ற வேண்டிவரும், மாற்றுகிறவனும் வண்டிக்காரன்தான் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். வண்டி ஒருபோதும் முடிந்துபோன பொருளாக இருந்ததில்லை.

மோட்டார் வந்தபின் நடந்ததைப் பாருங்கள். இரும்புப் பட்டை சாலையை அறுக்கிறது என்று இன்ஜினியர்கள் புலம்பினார்கள். மாட்டு வண்டிக்குக் காற்றடித்த டயரைப் பொருத்தச் சொல்லிக் கம்பெனிகள் விற்கப் பார்த்தன. நம்மாட்கள் என்ன செய்தார்கள்? கழித்துக்கட்டிய மோட்டார் வண்டிகளின் அச்சையும் சக்கரத்தையும் வாங்கி, மேலே மரப்பலகை போட்டு, 'டயர் வண்டி' ஆக்கிவிட்டார்கள். மாட்டுக்கு இழுவை குறைந்தது, பாரம் கூடியது. கூடவே, சக்கரம் செய்த தச்சாசாரிக்கும் பட்டை போட்ட கொல்லாசாரிக்கும் வேலை போனது. பொருத்துகிற கை ஒன்றை வாழவைத்து இன்னொன்றைத் தள்ளிவிட்டது. இதை மறைத்துவிட்டு 'மக்கள் தொழில்நுட்பம்' என்று கொண்டாட நான் தயாராயில்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும் நாளில், எடை குறைத்துச் செதுக்கிய பந்தய வண்டிகள் சீறிப் பாயும்போதுதான் அந்தத் தச்சுக்கை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

3

பஸ்ஸுக்கு வருவோம். 1910களின் தொடக்கத்தில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விடத் தொடங்கினார். ஃபோர்டு 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் பம்பாயில் கால்வைத்தன. வண்டியின் பெரும்பகுதி கப்பலில் வந்தது, மேல்கட்டுமானம் பெரும்பாலும் இங்கே எழும்பியது. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் கட்டிய கைகள் அப்படியே மோட்டாருக்கு மாறின. மரச்சட்டம், மேலே தகரம், பக்கத்தில் கான்வாஸ் திரை.

அந்தக் கூண்டுக்குள் யார் உட்காரலாம் என்பது வேறொரு சண்டை. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த பஸ்கள் இருந்தன. 1930ஐ ஒட்டி, பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். நம் பஸ்ஸில் நடந்த மிகப்பெரிய மாற்றம் மரத்திலோ தகரத்திலோ நடந்ததல்ல, இதுதான். எந்தக் கம்பெனியின் வரைபடத்திலும் இது இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் வரத்து சுருங்கியது. அப்போது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் ஒன்றை வடிவமைத்தது. வண்டியில் ஓர் உலை, அதில் மரக்கரி, அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் வாயு எஞ்சினுக்கு. வேகம் குறையும், மேட்டில் மூச்சு வாங்கும். ஆனாலும் ஓடியது. வண்டியின் எரிபொருளையே மாற்றிய இந்தக் காரியம் தேசத்துக்கான சேவை எனப்பட்டது. பின்னாளில் டாக்ஸிக்காரர் ஒருத்தர் அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டினால் அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். செயல் ஒன்றுதான், செய்கிறவன் யார் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

4

அமெரிக்கக் கதையை இங்கே ஒப்பிட வேண்டும். 1964இல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தது: நடுத்தரக் காரின் உடம்பில் பெரிய காரின் 6.4 லிட்டர் எஞ்சின். 'மசில் கார்' என்று அந்த வகைக்கே பேராகிவிட்டது. ஆனால் அந்த யோசனை கம்பெனியின் மூளையில் முளைத்ததா? போருக்குப் பிறகு பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினை மாற்றி, அகலச் சக்கரம் மாட்டி ஓட்டிய பையன்கள் கொல்லைப்புறத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கம்பெனி அதைப் பார்த்துப் படித்து, விலை போட்டு விற்றது. வெளிச் சாமான் செய்பவர்கள் 1963இலேயே சங்கம் அமைத்தார்கள். வெளிச் சாமான் பொருத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்பதற்கு 1975இல் அங்கே சட்டம் வந்தது. வாங்கியவனுக்கும் பொருளின் மேல் உரிமை உண்டு என்பதுதான் அதன் சாரம்.

நம் சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. 1939 மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை மாற்றினால் தகவல் சொல் என்றது. 1988 சட்டம், முன்கூட்டியே அனுமதி வாங்கு என்றது. 2000இல் அதன் 52ஆம் பிரிவைத் திருத்தியபோது மொழியே மாறிவிட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவு விவரம் இருக்கக்கூடாது என்றது. அரசின் பதிவேடு இருந்த இடத்தில் கம்பெனியின் குறிப்பேடு வந்து உட்கார்ந்தது. தாராளமயத்தின் காலத்தில் இது தற்செயல் என்று யாரும் சொல்லலாம், நம்புவது உங்கள் விருப்பம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கொன்றில் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதே எல்லை என்று உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் தண்டனை: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

தெரிதா சொன்ன இட்டுநிரப்பல் இங்கே நினைவுக்கு வருகிறது. வெளியிலிருந்து சேர்க்கப்படுவது வெறும் உபரி என்று தோன்றும். ஆனால் சேர்க்க இடமிருக்கிறது என்பதே மூலம் முழுசாயில்லை என்பதற்குச் சாட்சி. சேஸிஸை விற்றுவிட்டு மிச்சத்தை நீ கட்டிக்கொள் என்று சொல்பவர்களின் ஊரில் 'மூல வடிவம்' எதைக் குறிக்கிறது?

5

'அப்படின்னா யார் வேணா எப்படி வேணா வண்டியை வெட்டி ஒட்டலாமா? ஜனம் செத்தா யாரு பதில் சொல்றது?' நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே எரிந்த பஸ், ஏ.சி. பஸ்ஸாக மாற்றப்பட்ட பஸ். இருபதுக்கு மேல் சாவு. கூண்டு கட்டியவர்களின் பக்கம் நிற்பதற்காக அந்தப் பிணங்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் 2013 அக்டோபரில் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே 45 பேரோடு எரிந்தது பேர்போன கம்பெனியின் வால்வோ பஸ். கம்பெனி முத்திரை நெருப்பை அணைக்கவில்லை. பாதுகாப்பு முத்திரையில் இல்லை. சோதனையில் இருக்கிறது, அவசர வழியில் இருக்கிறது, எரியாத பொருளில் இருக்கிறது.

பஸ் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரிக்கு ஏ.ஐ.எஸ். 093 என்று விதிகள் வந்திருக்கின்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். டிரைவர் உழைப்பாளி, அவருக்குக் காற்று வேண்டும், வரவேற்போம். ஆனால் விதியை நிறைவேற்றக் காசும் காகிதமும் உள்ளவர் பெரிய முதலாளி. பட்டறைக்காரர் கதவைச் சாத்துவார். பட்டறையிலும் புனிதம் இல்லை. கண் மூடாமல் வெல்டிங் பார்க்கும் சின்னப் பையன்களும், இன்சூரன்ஸ் இல்லாத கூலிகளும் அங்கேதான். அவர்களைப் பேசாத பாதுகாப்பு விதி யாருடைய பாதுகாப்பைப் பேசுகிறது?

நம்மூர்களில் போலியோ தாக்கிய ஒருத்தர் ஸ்கூட்டரில் இரண்டு பக்கச் சக்கரம் பொருத்தி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனியும் அவரை நினைத்து வண்டி வடிவமைக்கவில்லை. பட்டறைக்காரர் இரும்பை வளைத்து அவருடைய உடம்புக்கு வண்டியை வளைத்தார். சட்டம் இதை அனுமதிக்கிறது. அதாவது ஓர் உடம்புக்காக மூலத்தைத் தாண்டலாம் என்று அதே சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த விதிவிலக்கைத்தான் நாம் இழுத்துப் பிடிக்க வேண்டும். கேட்க வேண்டியது தடை நீக்கம் இல்லை. சின்னப் பட்டறைக்கும் எட்டுகிற சோதனைக்கூடம் மாவட்டத்துக்கு ஒன்று, ஆசாரியின் அறிவை ஏற்கும் சான்றிதழ், பட்டறைத் தொழிலாளிக்கு இன்சூரன்ஸ்.

இன்றைக்கும் பொன்னமராவதிக்கு பஸ்தான். அந்த பஸ்ஸின் எஞ்சினில் கம்பெனியின் பெயர் வார்த்திருக்கிறது. நாம் சாய்ந்து உட்காரும் பலகையைப் பொருத்தியவனின் பெயர் எங்கே?