பாலிங் முதல் ஹாட்யாய் வரை

கெடா மாநிலத்தில், தாய்லாந்து எல்லைக்கு அணித்தாய் அமைந்த சிற்றூர் பாலிங். ஆங்குள்ள ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்களில், ஏழாண்டுகளாகப் போரிட்டுவந்த இரு தரப்பார் எதிரெதிரே அமர்ந்து பேசினர். ஒருபுறம் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், சர் டான் செங் லொக். மறுபுறம் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் செயலாளர் சின் பெங், சென் தியென், ரஷீட் மைடின். அப்பேச்சு முறிந்தது என்பர். முறிந்தது உண்மை, அது வீணாயிற்றா என்பதே ஆராயத்தக்கது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயன்களும் முள்வேலிக்குள் அடங்கின. பால்வெட்டுக்குச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் கொண்டுசெல்லவும் பல இடங்களில் தடை விதிக்கப்பட்டது. 1960இல் அவசரகாலம் முடியுமுன் மாண்டோர், பொதுமக்களையும் சேர்த்து, 10,000 பேருக்கு மேலாவர்.

பாலிங்கில் சிக்கல் ஒரு சொல்லில் வந்து நின்றது. கட்சியைச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்றார் சின் பெங். கட்சியைக் கலைத்துச் சரணடைய வேண்டும் என்றார் துங்கு. 'சரணடைதல்' என்பதை ஏற்கச் சின் பெங் மறுத்துவிட்டார். அவரைக் காட்டோரத்திலிருந்து அழைத்துவந்து, பின் மீண்டும் கொண்டுபோய் விட்டவர் ஜான் டேவிஸ். ஜப்பானியர் காலத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்று போரிட்டவர்கள். அப்பழைய நட்பும் பகையைத் தீர்க்கவில்லை.

எனினும் ஒரு வாக்குறுதி பிறந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு உள்நாட்டுப் பாதுகாப்பையும் படையையும் தன் கையில் பெறுமாயின், போரை நிறுத்துவதாகச் சின் பெங் கூறினார். 1955 தேர்தலில் 52 இடங்களுள் 51ஐ வென்ற கூட்டணியின் தலைவரான துங்கு, அடுத்த மாதமே இலண்டன் சென்றார். மக்கள் ஆதரவோடு இவ்வாக்குறுதியும் அவருக்கு வலுவாயிற்று. 1956 பிப்ரவரி 8இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை மலர்ந்தது. ஆயினும் துப்பாக்கிகள் அன்று கீழே வைக்கப்படவில்லை. 1968இல் போர் மீண்டும் மூண்டது.

காலம் பல முடிச்சுகளைத் தளர்த்தியது. 1974இல் மலேசியா சீனாவுடன் தூதுறவு கொண்டது. காட்டில் இருந்த கட்சியும் பிளவுற்றது. புக்கெட்டில் மறைவாக நடந்த பேச்சுகளின் முடிவில், 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் நகரில் மலேசியாவுடன் ஒன்றும் தாய்லாந்துடன் ஒன்றுமாக இரு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஏறத்தாழ 1,200 போராளிகள் படை கலைத்தனர். ஆயுதச் செயல்களை முடித்தல், படைகளைக் கலைத்தல், ஆயுதங்களை அழித்தல் என்று அவை பேசினவே அன்றிச் 'சரணடைதல்' என்னும் சொல் அவற்றில் இடம்பெறவில்லை. பாலிங்கில் 31 வயதினராய் இருந்த சின் பெங்குக்கு அப்போது வயது 65.

அமைதி எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடவில்லை. நாடு திரும்பச் சின் பெங் தொடுத்த வழக்கு தோற்றது. 2013இல் அவர் பாங்காக்கில் இறந்தார். காட்டுப்போரில் மகனையும் கணவனையும் இழந்த குடும்பங்களின் துயரமும் பெரிது. இவ்விரண்டையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதே நேர்மையான வரலாற்றுப் பாடமாகும். பாலிங்கில் விடைகாணாத கேள்விக்கு ஹாட்யாயில் விடை கிடைக்க 34 ஆண்டுகள் சென்றன. அச்சொல்லை முன்னரே விலக்கியிருந்தால் எத்தனை உயிர் எஞ்சியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.