பணியிட விபத்து இழப்பீடு (இந்தியா)

வேலையின்போது காயமடையும் அல்லது வேலையால் நோயுறும் தொழிலாளிக்கும், அவர் இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கும் சட்டப்படி கிடைக்கும் பணமும் சிகிச்சையும் பணியிட விபத்து இழப்பீடு எனப்படும். முதலாளி மீது தவறு உண்டு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று உறுதியானால் போதும். இது மனமிரங்கித் தரும் உதவி அன்று; உரிமை.

சட்டங்கள்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010-ல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) 1948-ல் வந்தது. அதன் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் 1955-ல் கோவையில் அறிமுகமானது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இவ்விரண்டையும் உள்ளடக்கியது. இழப்பீட்டின் அடிப்படைகள் பெரும்பாலும் தொடர்கின்றன.

இழப்பீட்டுத் தொகை

மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை, வயதுக்குரிய காரணியால் பெருக்கித் தொகை கணக்கிடப்படுகிறது. இறப்புக்குச் சம்பளத்தின் 50 சதவீதமும், முழுமையான நிரந்தர ஊனத்துக்கு 60 சதவீதமும் கணக்கில் கொள்ளப்படும். 2020 ஜனவரி அறிவிக்கையின்படி, கணக்குக்கான சம்பள உச்சவரம்பு ரூ.15,000. உறுப்பு இழப்புக்கான விகிதங்கள் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன: கட்டைவிரலுக்கு 30 சதவீதம், மற்றொரு கண் நன்றாக இருக்கும் நிலையில் ஒரு கண்ணுக்கு 40 சதவீதம்.

ரூ.15,000 சம்பளம் வாங்கும் 30 வயது பவர் பிரஸ் தொழிலாளி ஒருவர் கட்டைவிரலை இழக்கிறார் என்று கொள்வோம். அவர் வயதுக்குரிய காரணி 207.98. சம்பளத்தின் 60 சதவீதமான ரூ.9,000-ஐ அதனால் பெருக்கினால் ரூ.18,71,820. அதில் 30 சதவீதம், அதாவது ரூ.5,61,546 அவருக்குச் சேர வேண்டும். சிகிச்சைச் செலவு இதற்கு மேல் தனி.

குடிபோதை, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றியது போன்ற காரணங்களைக் காட்டி முதலாளி மறுக்க முடியும். ஆனால், இறப்புக்கும் முழுமையான நிரந்தர ஊனத்துக்கும் இந்த மறுப்பு செல்லாது.

ஈ.எஸ்.ஐ. பலன்கள்

ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு இழப்பீட்டை முதலாளிக்குப் பதிலாக ஈ.எஸ்.ஐ. கழகமே தரும்; ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் பெற இயலாது. 2017 முதல் மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு, மருத்துவக் குழு மதிப்பிடும் வருவாய்த் திறன் இழப்புக்கு ஏற்ப மாதந்தோறும் பணம் வரும். தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. பணியிட விபத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் பலன் உண்டு.

கோரும் முறை

ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதவர், தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். ஒரு மாதத்துக்கு மேல் பணம் தராமல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். உரிய காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். சம்பளச் சீட்டு, வருகைப்பதிவு, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் ஆகியவை முக்கியச் சான்றுகள்.

பல விபத்துகள் மருத்துவமனை வாசலிலேயே சிறு தொகைக்குப் பேசி முடிக்கப்படுகின்றன. ஆனால், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசத் தொகையை ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். அது போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். ஆகவே, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட தொழிலாளியும் உரிய முழுத் தொகையைக் கேட்டு ஆணையரிடம் போகலாம்.