குந்தாரப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தின் கூத்தரங்கு

கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளி சந்தைக்குப் பேர்போன ஊர். இந்த வட்டாரத்தின் நாடக அரங்குக்குக் கட்டடம் இல்லை. திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய திடல்தான் அரங்கு. அங்கே மகாபாரத விழாவில் தெருக்கூத்து நடக்கிறது. கர்நாடக எல்லைக்கு அப்பால் யட்சகானத்தின் மூடலபாயம் என்னும் கிழக்கத்திய வடிவம் இதற்கு உறவுமுறைக் கலை.

பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பிரசங்கம்; இரவில் அதே கதை கூத்தாகும். முழு விழா பெரும்பாலும் பதினெட்டு நாள். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடிச் சில்லு பதிக்கப்பட்டவை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். முதலில் காலும் கிரீடமும் மட்டுமே தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேள்வி கேட்ட பிறகே முழு உருவம் வெளிப்படும். கூத்தின் ஆகச்சிறந்த கணம் இதுவே.

1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு இக்கலையை நவீன நாடகத்தோடு இணைத்தது. ஆனாலும் கூத்தின் வேர் கிராமத்தில்தான் இருக்கிறது.

பார்க்க விரும்புவோர் கோடைக்காலத்தில் வரலாம். நுழைவுச்சீட்டு கிடையாது, பாய் ஒன்று போதும். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் வேடக்காரர் பிளப்பார். அதன்பின் திரௌபதி கூந்தல் முடிவாள்.