சரக்குப் புகையிரதத்தின் தலைவன்

புகையிரதமொன்றை நடத்திச் செல்பவர் யார் என்று கேட்டால், எஞ்சினில் நிற்கும் சாரதியே என்று எவரும் தயங்காது விடையளிப்பர். வண்டியை ஓட்டுபவர் அவர். ஆகவே வண்டிக்குத் தலைவரும் அவரே என்று எண்ணுவது இயல்பு. ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் புகையிரத விதிகள் வேறு விடை கூறிவந்துள்ளன. எஞ்சினை இயக்குவது சாரதியின் கடமை. வண்டி முழுவதற்கும் பொறுப்பாளர் கொண்டக்டர் என்பதே அவ்விதிகளின் துணிபு.

கொண்டக்டர் என்னும் சொல் இலங்கையருக்குப் புதியதன்று. பஸ் வண்டியிற் சீட்டுக் கொடுப்பவரும் அப்பெயர் பெறுவர். தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்பவரும் அப்பெயர் பெறுவர். பிரித்தானிய முறையைத் தழுவி 1864இல் ஓடத் தொடங்கிய இலங்கைப் புகையிரதத்திலோ, கொடியும் விளக்கும் ஏந்தி வண்டியைக் காத்துச் செல்பவர் ‘காட்’ என்றே அழைக்கப்படுகிறார். அமெரிக்கக் கொண்டக்டர் ஏறத்தாழ அவருடைய உடன்பிறப்பு எனலாம். எனினும், சரக்கு வண்டியிற் பிரயாணியும் இல்லை, சீட்டும் இல்லை. அங்கே கொண்டக்டருக்கு என்ன வேலை, அந்த வேலைக்கு ஒருவர் எவ்வாறு உயர்ந்தார், அவ்வுயர்வுக்கு அவர் கொடுத்த விலை யாது என்பன எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இப்பதவியின் அதிகாரம் நிலைபெற்றது பற்றி ஈறி என்னும் புகையிரதப் பாதையில் வழங்கிவந்த கதையொன்றுண்டு. 1842ஆம் ஆண்டளவில் அப்பாதையில் எயர்ஸ் என்பவர் கொண்டக்டராக இருந்தார். ஓடும் வண்டியை நிறுத்த வேண்டுமாயின், அதனைச் சாரதிக்கு அறிவிக்க அக்காலத்தில் வழியிருக்கவில்லை. எயர்ஸ் நீண்ட கயிறொன்றைப் பெட்டிகளின் மேலாக எஞ்சின்வரை கொண்டுசென்று, அதன் நுனியில் விறகுத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டார். பின்னிருந்து கயிற்றை இழுத்தால் விறகு அசையும். அதுகண்டு சாரதி வண்டியை நிறுத்த வேண்டும். தமக்குக் கட்டளையிட ஒருவர் உண்டென்பதைச் சாரதி பொறுக்கவில்லை, கயிற்றை அறுத்தெறிந்தார். மறுநாளும் அவ்வாறே செய்தார். இறுதியில் இருவரும் வண்டியை விட்டிறங்கிக் கைகலந்தனர் என்றும், வென்றவர் கொண்டக்டரே என்றும், அன்று தொட்டு அவர் சொல்லே வண்டியில் நின்றது என்றும் கதை முடிகிறது. தொழிலாளர் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியமைக்குக் காரணம் உண்டு. தலைமை எவரிடம் என்பது தெளியாத வண்டி, பிறேக்கு இல்லாத வண்டிக்கு ஒப்பானது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கொண்டக்டராக விரும்பிய இளைஞனுக்குப் பள்ளிக்கூடம் எதுவும் இருக்கவில்லை. அவன் முதலிற் பிறேக்குக்காரனாகச் சேர வேண்டும். அக்காலத்துச் சரக்குப் பெட்டிகளின் கூரைமீது கைச்சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சாரதி ஊதல் ஒலித்ததும், பிறேக்குக்காரர் ஓடும் வண்டியின் கூரைமேல் ஏறி, ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவி, அச்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருகி வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மழையிலும் நள்ளிரவிலும் பனி உறைந்த கூரைப் பலகையிலும் இதுவே வேலை. கால் இடறினால் இரு பெட்டிகளுக்கிடையே வீழ்ச்சி. தலை நிமிர்ந்தால் தாழ்ந்த பாலத்தில் மோதல்.

கூரையிலும் கொடியது தரையிற் காத்திருந்தது. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்க இரும்பு வளையமும் ஆணியும் பயன்பட்டன. அசைந்து வரும் பெட்டிக்கும் நிற்கும் பெட்டிக்கும் இடையே ஒருவர் நின்று, வளையத்தைக் கையாற் பிடித்து எதிர்த்துளையுட் செலுத்தி, அக்கணமே ஆணியை இறக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் விரல் போகும். இரு கணம் பிந்தினால் உயிர் போகும். வேலை தேடி வந்தவனின் கையில் விரல் குறைந்திருந்தால், அவன் தொழில் அறிந்தவன் என்று மேலாளர் ஏற்றுக்கொள்வர் என்பது அக்காலத்துப் பேச்சு. வேறு தொழில்களில் நற்சாட்சிப் பத்திரம் கேட்பர். இத்தொழிலில் கையே பத்திரமாயிற்று.

இவ்வாறு ஆண்டுகள் பல கழித்து, விதிகளைக் கற்று, மூப்பு வரிசையில் முன்னேறியவனே கொண்டக்டரானான். அவனுக்குரிய இடம் வண்டியின் கடைசியிலுள்ள ‘கபூஸ்’ என்னும் சிறு பெட்டி. அதில் எழுதுமேசை, அடுப்பு, படுக்கை ஆகியன இருந்தன. கூரைமேல் உயர்ந்த சாளரக் கூண்டிலிருந்து வண்டி முழுவதையும் நோக்கலாம். எந்தப் பெட்டி எந்த நிலையத்தில் விடப்பட வேண்டும், எது எங்கிருந்து ஏற்கப்பட வேண்டும் என்பதற்கான சீட்டுக்கள் அவன் மேசையில் இருக்கும். அச்சுப் பெட்டி சூடேறிப் புகைகிறதா, சரக்குச் சரிகிறதா என்று அவன் கண் ஓயாது நோக்கும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டாலோ, பின்னால் வரும் வண்டி மோதாதிருக்க, அவனுடைய ஆள் ஒருவன் செங்கொடியும் விளக்கும் வெடிகளும் எடுத்துக்கொண்டு இருளிற் பின்னோக்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டிகள் ஓடிய நாட்டில், நேரமும் கட்டளையுமே உயிரைக் காத்தன. 1851இல் ஈறிப் பாதையின் அதிபர் மைனொற் என்பவர், எதிர்வண்டியை வீணே காத்து நிற்காது, தந்தி மூலம் வழி கேட்டு வண்டியை முன்னே செல்லப் பணித்தார். கம்பி வழி வந்த சொல்லை நம்பிச் செல்லச் சாரதி மறுத்து, மோதல் நேர்ந்தால் தப்பலாம் என்று கடைசிப் பெட்டியிற் போய் அமர்ந்தார் என்பர். மைனொற் தாமே எஞ்சினை ஓட்டிச் சென்றார். அன்று தொடங்கிய தந்திக் கட்டளை முறை அமெரிக்கா எங்கும் பரவியது. நிலைய அதிகாரி எழுதிக் கொடுக்கும் கட்டளையின் பிரதிகள் கொண்டக்டருக்கும் சாரதிக்கும் தனித்தனியே வழங்கப்பட்டன. ஒருவர் தவறினால் மற்றவர் திருத்த வேண்டும் என்பதே இதன் கருத்து.

அக்கருத்துப் பொய்த்த இடமும் உண்டு. 1891 ஏப்பிரலில் ஒகாயோ மாநிலத்துக் கிப்டன் என்னும் சிற்றூரில் அஞ்சல் வண்டியும் பிரயாணிகள் வண்டியும் நேருக்கு நேர் மோதின. சாரதியின் பைக்கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியதென்றும், சாரதி பார்த்துக்கொள்வார் என்று எண்ணிய கொண்டக்டர் தம் கடிகாரத்தை நோக்கவில்லை என்றும் அறியவந்தது. இவ்விபத்தின் பின், கிளீவ்லாந்து நகரத்து வெப் போல் என்னும் கடிகார வணிகர் வகுத்த முறைப்படி, தொழிலாளரின் கடிகாரங்கள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டன. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேற் பிழை காட்டும் கடிகாரம் விலக்கப்பட்டது. இருவர் பொறுப்பென்பது, இருவரும் தனித்தனியே முழுப் பொறுப்பு என்பதேயன்றி, பாதிப் பாதி அன்று என்பதைக் கிப்டன் கற்பித்தது.

தொழிலாளரைக் காக்கும் கருவிகள் இதற்கு முன்பே பிறந்திருந்தன. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இற் காற்றுப் பிறேக்கையும், 1872இல் அதன் தானியங்கி வகையையும் அமைத்தார். தானியங்கி வகையிற் குழாய் உடைந்து காற்றழுத்தம் குறைந்தால், பிறேக்கு தானே பற்றிக்கொள்ளும். இரு கைகளின் விரல்கள் ஒன்றையொன்று பற்றுவது போன்ற கொளுவிக்கு இலாய் ஜானி 1873இல் உரிமை பெற்றார். ஆயினும் சரக்குப் பெட்டிகளுக்கு இவற்றைப் பொருத்தக் கம்பனிகள் தயங்கின. செலவு பெரிது, ஆள் மலிவு.

அயோவா மாநிலத்துக் கமக்காரரான லொறென்சோ கொபின், பிறேக்குக்காரர் ஒருவர் பெட்டிகளுக்கிடையே கைவிரல்களை இழந்ததை 1874இல் நேரிற் கண்டார். அன்று முதல் இதுவே அவர் வாழ்வின் பணியாயிற்று. கூட்டங்களிற் பேசினார், கடிதங்கள் எழுதினார், 1883இல் மாநிலப் புகையிரத ஆணையாளராகி, பிறேக்குப் பரிசோதனைகளை ஊக்கினார். 1886இல் 50 பெட்டி கொண்ட சரக்கு வண்டிகளில் நடந்த பரிசோதனையில், பிறேக்கு முன்னிருந்து பின் செல்லுமுன் பின்பெட்டிகள் வந்து மோதி அதிர்ந்தன. வெஸ்டிங்ஹவுஸ் மனந்தளராது அடுத்த ஆண்டே குறையை நீக்கினார். 1889இல் ஜனாதிபதி ஹரிசன், ஓராண்டில் 2,000க்கு மேற்பட்ட புகையிரதத் தொழிலாளர் உயிரிழந்ததையும் 20,000க்கு மேற்பட்டோர் காயமுற்றதையும் எடுத்துரைத்து, போர்வீரனுக்கு ஒப்பான ஆபத்தில் இவர்கள் உழைப்பது நாட்டிற்கு இழிவு என்று சுட்டினார். 1893 மார்ச்சு 2ஆம் நாள் அவர் ஒப்பமிட்ட பாதுகாப்புச் சட்டம், காற்றுப் பிறேக்கையும் தானாக இணையும் கொளுவியையும் கட்டாயமாக்கியது. பெட்டிகளைக் கொளுவும்போது மடிவோர் தொகை அதன்பின் பெரிதும் வீழ்ந்தது.

காப்புறுதிக் கம்பனிகள் இத்தகைய தொழிலாளரை ஏற்க அஞ்சிய காலத்தில், கொண்டக்டர்கள் 1868இலும் பிறேக்குக்காரர்கள் 1883இலும் தத்தமக்குச் சங்கம் அமைத்து, இறந்தோர் குடும்பங்களுக்கு உதவினர். இது அவர்களின் பெருமை. அச்சங்கங்கள் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தமை அவர்களின் சிறுமை. தென்மாநிலங்களிற் கறுப்பினத் தொழிலாளர் பலர் கூரைமேல் ஓடினர், விரல் இழந்தனர், ஆயின் கபூஸின் எழுதுமேசை அவர்களுக்கு மூடப்பட்டே இருந்தது. ‘போட்டர்’ என்ற பெயரிற் பிறேக்குக்காரரின் வேலையைப் பல்லாண்டு செய்த கறுப்பினத்தவரை அவ்வேலையினின்றும் நீக்கச் சங்கமொன்று முயன்றபோது, 1952இல் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் இனபேதத்தை விலக்கியது. ஆபத்தைப் பகிர்ந்தவர்க்குப் பதவியைப் பகிர மறுத்தது அத்தொழிலின் வரலாற்றில் அழியாத கறை.

உயிரைக் காத்த கருவிகளே ஆட்களையும் குறைத்தன. சாரதி, எஞ்சின் தீயாளர், கொண்டக்டர், பிறேக்குக்காரர் இருவர் என ஐவர் சென்ற வண்டியில், டீசல் எஞ்சின் வந்ததும் தீயாளருக்கு வேலை அற்றது. 1980களில், கடைசிப் பெட்டியிற் கொளுவப்படும் சிறு கருவி, குழாயின் காற்றழுத்தத்தை வானொலி மூலம் எஞ்சினுக்கு அறிவிக்கத் தொடங்கியது. கபூஸ் மறைந்தது. கொண்டக்டர் வண்டியின் வாலை விட்டு எஞ்சினுக்குள் வந்து சாரதியின் அருகில் அமர்ந்தார். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சியோர் இவ்விருவரே. அந்த இரண்டாம் ஆளும் வேண்டுமா என்ற வினா அடுத்து எழுந்தது.

2013 யூலை 6ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இவ்வினா கொடிய வடிவெடுத்தது. மசகெண்ணெய் நிறைந்த 72 தாங்கிப் பெட்டிகளை ஒரே ஒருவர் ஓட்டிவந்து, இரவில் சரிவான பாதையில் நிறுத்திச் சென்றார். எஞ்சினிற் சிறு தீ மூண்டது. தீயணைப்போர் எஞ்சினை நிறுத்தினர். காற்றழுத்தம் மெல்லக் கசிந்தது. கைப்பிறேக்குகள் ஏழே திருகப்பட்டிருந்தன. குறைந்தது 17 வேண்டியிருந்தன என்று விசாரணையாளர் பின்னர் கணித்தனர். வண்டி தானே உருண்டு லக் மெகாந்திக் ஊரினுட் புகுந்து தீப்பற்ற, 47 பேர் மாண்டனர். இரண்டாம் ஆள் இருந்திருந்தால் இது தவிர்ந்திருக்கும் என்று விசாரணைச் சபை முடிவு கூறவில்லை. எனினும், கூரைமேல் ஓடிய பழைய பிறேக்குக்காரனின் கைச்சக்கரம் இன்னும் தேவையற்றுப் போகவில்லை என்பதை உலகம் அன்று கண்டது. ஆபத்தான சரக்கேற்றிய வண்டியை ஒருவரே நடத்துவதைக் கனடா உடனே தடுத்தது. ஐக்கிய அமெரிக்கா 2024 ஏப்பிரலில், சில விலக்குகள் நீங்கலாக, இருவர் வேண்டும் என்று விதி வெளியிட்டது.

இன்று அமெரிக்காவிற் கொண்டக்டராக விரும்புபவர் விரலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்த விதிகள், பயிற்சியும் தேர்வும் கண், செவிப் பரிசோதனையும் பெற்றுச் சான்றிதழ் கொள்ளுமாறு பணிக்கின்றன. எனினும் தொழிலின் கடுமை முற்றும் நீங்கவில்லை. மூப்பில் இளையவருக்கு நேர அட்டவணை இல்லை. அழைப்பு வந்ததும் நள்ளிரவிலும் புறப்பட வேண்டும். வீட்டை விட்டு வேற்றூரிற் துயில வேண்டும். நடுவழியில் வண்டி நின்றால், ஒரு மைலுக்கும் மேலாக நீளும் அதன் பக்கமாகக் கையில் விளக்குடன் நடந்து பழுதைத் தேடுபவர் இன்றும் கொண்டக்டரே.

சாரதியாகும் வழியும் இன்று பெரும்பாலும் இப்பதவியினூடாகவே செல்கிறது. கயிற்றை அறுத்த சாரதியும் கயிற்றைக் கட்டிய கொண்டக்டரும் ஒரே அறையில் அருகருகே அமர்ந்து, ஒளிச்சைகையின் நிறத்தை ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்லிச் செல்கின்றனர். அன்று சண்டையில் எழுந்த கேள்வி, தலைவன் யார் என்பது. நூற்றெண்பது ஆண்டுகளின் துயரும் அறிவும் அதற்குத் தந்த விடை எளியது: தன் கடிகாரத்தைத் தானே நோக்குபவனும், வண்டி நின்றால் இருளில் இறங்கி நடப்பவனுமே தலைவன்.