ஒன்பதாம் இலக்க நீர்மூழ்கி

சூழ்ச்சியில் வல்லவனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்குத் தமிழில் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்துவிட்டு, கல்முனைக்கு அப்பால் விரியும் கிழக்குக் கடலைக் கடந்து, இலங்கையைச் சுற்றி மேற்கே சென்ற ஜேர்மனியப் போர்க்கப்பலின் பெயர் அது. எம்டனை அறிந்தார் பலர். அதே நாட் காலையில் ஐரோப்பாவின் வடகடலில் நிகழ்ந்ததை அறிந்தார் சிலரே. அதைச் செய்தது யூ-9 என்னும் நீர்மூழ்கிக் கப்பல்.

1910இல் ஜேர்மனியக் கடற்படையிற் சேர்ந்த யூ-9, ஏறத்தாழ 57 மீற்றர் நீளமுடையது. மாலுமிகள் முப்பதின்மருக்கும் குறைவு, டோர்பீடோக்கள் ஆறு. நீரின் மேலே மண்ணெண்ணெய்ப் பொறியாலும், உள்ளே மின்சாரத்தாலும் அது ஓடியது. அம்மண்ணெண்ணெய்ப் பொறிகள் பகலில் வெண்புகை கக்கும். இரவில் தீப்பொறி பறக்கவிடும். ஒளிந்து திரியவேண்டிய கலத்துக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டுமோ? எனினும் அதன் தலைவர் ஒட்டோ வெடிகன், நீருள் இருந்தவாறே டோர்பீடோக் குழாய்களை மீண்டும் நிரப்பும் பயிற்சியைப் போருக்குச் சற்று முன்னரே செய்து பார்த்திருந்தார்.

அன்று காலை ஒல்லாந்துக் கரைக்கு அப்பால் அபூக்கர், ஹோக், கிரெசி என்னும் மூன்று பழைய பிரித்தானியக் குரூசர்கள் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தன. முதலில் அபூக்கர் தாக்குண்டது. கடற்கண்ணியில் மோதியதாகவே அதன் தலைவர் எண்ணி, ஏனைய இரண்டையும் அருகே அழைத்தார். நீரில் தத்தளிப்போரைக் காக்க ஹோக் நின்றது, அதுவும் அடிபட்டது. கிரெசியும் நின்றது, அதற்கும் அதே கதி. ஒன்றரை மணி நேர அளவில் மூன்றும் மறைந்தன. மாண்டோர் 1,459 பேர்.

அக்கப்பல்களில் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேரே அனுப்பப்பெற்ற பதினைந்து வயதுச் சிறுவரும் இருந்தனர். வகுப்பறையில் இருக்கவேண்டிய பருவம் அது. அவருள் ஒருவன் அபூக்கரிலிருந்து நீந்தி ஹோக்கை அடைந்தான், அது மூழ்கவே கிரெசிக்கு நீந்தினான், அதுவும் மூழ்கிற்று. மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு பிழைத்தான்.

போரிற் சேராத ஒல்லாந்தின் ஃபுளோரா, டைட்டன் என்னும் கப்பல்கள், அபாயத்தைப் பாராது வந்து பலரைத் தூக்கின. ஆங்கில மீன்பிடிப் படகுகளும் வந்தன. 837 பேர் தப்பினர். ஆயினும் அதன்பின் பிரித்தானியக் கடற்படைத் தலைமை, அபாயக் கடலில் தாக்குண்ட கப்பலைக் காப்பதற்காகப் பெரிய போர்க்கப்பல்கள் நிற்றலாகாது எனக் கட்டளையிட்டது. தோணி கவிழ்ந்தவனைக் கண்டும் காணாமல் வருவது கல்முனைக் கடற்றொழிலாளருக்கு நினைக்கவும் கூசும் காரியம். அந்தப் பழைய நெறியே அன்று இரண்டு கப்பல்களைக் கொன்றது.

ஜேர்மனியச் சக்கரவர்த்தி இரும்புச் சிலுவை விருதைக் கப்பலுக்கே வழங்கியது இருமுறைதான்: ஒன்று யூ-9க்கு, மற்றது எம்டனுக்கு. அக்டோபர் 15இல் யூ-9 ஹோக் என்பதை ஒத்த பெயருடைய ‘ஹாக்’ என்ற குரூசரையும் மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே எம்டன் அழிந்தது. வெடிகன் வேறொரு நீர்மூழ்கிக்குத் தலைவராகி, 1915 மார்ச் 18இல் டிரெட்நோட் என்னும் பெருங்கப்பல் மோதியதால் மாண்டார். உடனிருந்தோரில் ஒருவரும் மீளவில்லை. யூ-9, 1916 முதல் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1918 நவம்பரில் பிரித்தானியரிடம் சரணடைந்தது. அடுத்த ஆண்டு மோர்கம் என்ற ஆங்கிலக் கரையூரில் அதனை உடைத்தனர்.