கத்தியும் பழக்கமும்

நெப்போலியனின் சகோதரர் லூசியனின் வம்சத்தில் தோன்றி, 1907-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு இளவரசர் ஜார்ஜை மணந்து, செல்வத்திலும் கல்வியிலும் யாதொரு குறையுமின்றிப் பாரிஸில் வாழ்ந்த மேரி போனபார்ட் என்னும் சீமாட்டி, தாம்பத்திய சுகம் தமக்கு எட்டாமற் போனதற்குத் தம் தேக அமைப்பே காரணம் என்று திடமாக நம்பினார். நம்பியதோடு நில்லாமல், 243 ஸ்திரீகளின் அளவுகளை ஆராய்ந்து, யோனித் துவாரத்திற்கும் அதன் மேலுள்ள இன்ப உறுப்பிற்கும் இடையே தூரம் மிகுந்தால் சுகம் குறையும் என்றொரு சித்தாந்தத்தை, நார்ஜானி என்ற புனைபெயரில், 1924-இல் பெல்ஜிய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். அத்தூரத்தைக் குறைக்க வியன்னா வைத்தியர் ஹால்பன் 1927-இல் அவருக்கு ரணசிகிச்சை செய்தார், பலிக்கவில்லை. 1931-க்குள் மேலும் இருமுறை கத்தி பட்டும் பலிக்கவில்லை. இதில் விசித்திரம் என்னவெனில், அதே காலத்தில் அவர் ஃபிராய்டின் சிஷ்யையாகவும் இருந்தார். அந்த ஆசானோ, வெளியுறுப்பிலேயே நின்றுவிடும் இன்பம் முதிராத மனத்தின் லட்சணம் என்று போதித்தவர். சிஷ்யை தேகத்தைக் குற்றம் சொல்ல, குரு மனத்தைக் குற்றம் சொன்னார். கணவனுக்கோ இரண்டு சித்தாந்தத்திலும் இடமில்லை.

முந்தைய நூற்றாண்டின் கொடுமைகளோடு ஒப்பிட்டால் இது சாத்விகம் என்றே சொல்ல வேண்டும். வலிப்புக்கும் ஹிஸ்டீரியாவுக்கும் பரிகாரமென்று அந்த இன்ப உறுப்பையே அறுத்தெறிந்த லண்டன் வைத்தியர் பேக்கர் பிரவுன், 1867-இல் பிரசவ வைத்தியர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். தொட்டாலே யோனித் தசை தானாக இறுகும் உபாதைக்கு 1861-இல் ‘வெஜைனிஸ்மஸ்’ என்று நாமகரணம் செய்த அமெரிக்கர் மேரியன் சிம்ஸ், அவ்விடத்தைக் கீறிவிட்டுக் கண்ணாடிக் குழலைச் செருகி வைக்கும் முறையை வகுத்தார். மனைவியை ஈதரால் மயக்கிக் கணவனிடம் விட்ட வைத்தியத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் சிகிச்சை என்றுதான் பெயர்!

நிலைமையை மாற்றியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். மகப்பேற்று வைத்தியர் வில்லியம் மாஸ்டர்ஸும், பட்டம் ஏதும் பெறாமலே 1957-இல் அவருக்கு உதவியாக வந்த வர்ஜீனியா ஜான்சனும், தம்பதிகளில் ஒருவரை மாத்திரம் நோயாளியாகக் கொள்வதில்லை என்பதை விதியாக்கினர். தம்பதியர் இருவரும் இரண்டு வாரம் தங்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக இரு சிகிச்சையாளர் அவர்களோடு பேசுவர். முதல் சில நாட்கள் கூடுவதற்கே தடை, ஒருவரையொருவர் தொட்டுப் பழகுவது மட்டுமே பாடம். தசை இறுகும் மனைவியைப் பரிசோதிக்கையில், அது அவள் விருப்பத்தால் நேர்வதன்று என்பதைக் கணவனுக்கும் நேரிலேயே காட்டி, பின்பு சிறிதிலிருந்து பெரிதாகக் குழல்களை அவர்களே தனிமையில் உபயோகிக்கச் செய்தனர். கத்திக்கு வேலையே இல்லாது போயிற்று. 1970-இல் வந்த அவர்களுடைய நூலின் வெற்றிக் கணக்குகளைப் பிற்பாடு பலர் சந்தேகித்தது உண்மையே. ஆனால் முறை நிலைத்துவிட்டது.

1998-இல் ஆண்களுக்கு வயாகரா வந்தபின், பெண்களுக்கும் மாத்திரை தேடும் வேகம் பிறந்தது. மனச்சோர்வுக்கென்று தயாரித்துப் பயன்படாத ஃபிளிபான்செரின், இருமுறை மறுக்கப்பட்டு, 2015 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. நாள்தோறும் இரவில் விழுங்க வேண்டிய, மதுவோடு சேர்ந்தால் மயக்கம் தரக்கூடிய இம்மருந்தால், மாதத்துக்கு ஒருமுறைகூட முழுதாக இன்பம் கூடவில்லை என்றே சோதனைகள் காட்டின. அனுமதி கிடைத்த சில நாட்களிலேயே அம்மருந்தின் உரிமை பெற்றிருந்த கம்பெனி சுமார் நூறு கோடி டாலருக்கு விலை போயிற்று. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு நிச்சயமாக உதவுகிறது. மற்றபடி, அந்த விலையுயர்ந்த மாத்திரையைக் காட்டிலும் செயின்ட் லூயிஸின் இரண்டு வாரப் பழக்கமே மேலானது என்பது என் அபிப்பிராயம்.