பிறர் வீட்டு விளக்கு

ஏட்டுச் சுவடியைப் படிக்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். புள்ளியிடாத மெய்யெழுத்தும், ஒன்றுபோலத் தோன்றும் ரகரமும் காலும் படிப்பவரைத் திகைக்க வைக்கும். ஆயினும், எழுத்து விளங்கிவிட்டால் நூல் விளங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. அதற்கு வேறொரு தகுதியும் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மனமே அத்தகுதி. சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறு இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அவர் கற்றிருந்தவை பல. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் படித்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். முதலியாருக்கு அவை வியப்பளிக்கவில்லை. அவற்றால் என்ன பயன் என்ற கருத்துப்படக் கேட்டுவிட்டு, பழங்காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார்.

கற்றவர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. சினந்து எழுந்து போயிருக்கலாம். கேட்டவர் குற்றம் என்று மனத்தைத் தேற்றிக் கொண்டிருக்கலாம். ஐயரோ நாணத்தைத் தாங்கிக்கொண்டு, முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டார்.

அந்த நூலும் எளிதில் நெருங்கக் கூடியதன்று. திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் பாடியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடையது. சோழ மன்னன் இதில் ஈடுபட்டிருந்தமையால், அவன் மனத்தைத் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு. அம்மரபிலே ஊறியவர் ஐயர். ஆகவே, சொல் விளங்கிய இடத்திலும் அவருக்குக் கருத்து விளங்கவில்லை. சமண சமயத்தின் நுட்பங்கள் குறுக்கே நின்றன.

இந்நிலையில் கும்பகோணத்திலேயே சமணர் வாழும் வீதி இருப்பதாக அறிந்து, ஒரு வீட்டுக்குச் சென்றார். அங்கே மங்கல விழாவுக்குரிய அலங்காரங்கள் விளங்கின. காரணத்தைக் கேட்டபோது, ஆறு மாதமாக நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்தியது என்றார்கள். தனியே இருந்து தாம் மயங்கிய நூல், சில தெருக்களுக்கு அப்பால் குடும்பத்தாரின் செவிக்கும் உள்ளத்துக்கும் பழகிய பொருளாக இருந்தது! கல்லூரி ஆசிரியர் அங்கே மாணாக்கராக அமர்ந்தார். தமக்கு விளங்காதவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார்.

சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. சைவராகிய அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லையாம். அவர் சமணரிடையே சென்று அவர்தம் நூல்களைப் பயின்று, மீண்டும் ஒருமுறை உரை எழுதினாராம். நிகழ்ந்ததோ, புனைந்ததோ, அச்செய்தியைப் போற்றி வைத்திருந்த நம் முன்னோரின் கருத்துத் தெளிவானது: ஒரு நூலுக்கு உரை காண்பவன், அந்நூலை உயிராகக் கருதுவோரிடம் செவி சாய்க்க வேண்டும்.

1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி உரையுடன் வெளிவந்தது. அவ்வுரையில் நூற்பெயர் சுட்டாமல் எடுத்தாளப்பட்ட மேற்கோள்களைத் தேடிச் சென்ற ஐயருக்குப் பழைய நூல்களின் பரப்புப் புலனாயிற்று. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பில் வந்தன.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தன? எண்பது வயதைக் கடந்து, தமிழுலகமே தலைவணங்கிய காலத்தில், 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய தன் வரலாற்றில் ஐயர் தாமே இவற்றைச் சொன்னார். முன்சீபின் முன்னே தம் கல்வி சிறுத்துப்போன அந்த நாளை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. அவருடைய புகழுக்கும் குறைவில்லை.

நாமும் நூல் படிக்கிறோம், மனிதரோடும் பழகுகிறோம். இரண்டிலும் நமக்குப் பழகிய பொருளையே தேடி, அது கிட்டாதபோது குற்றம் காண்கிறோம். விளங்காத பாட்டைப் போல விளங்காத அண்டை வீட்டாரும் உண்டு. அவர் வாயிலில் நின்று, 'இங்கே என்ன விழா?' என்று கேட்கச் சிறிது துணிவு வேண்டும். அன்று கும்பகோணத்தில் ஒருவர் அப்படிக் கேட்டதனால் தமிழ் பெற்றது பெரிது.